பத்துக்கு ஒன்று

பத்து மூட்டைச் சருகை ஒரு மூட்டையாக்கும் என்று
பெட்டியில் போட்டிருந்தது.
நான் எண்ணிப் பார்த்தேன்: ஆறு.
ரெழான் ஏழு என்கிறார்.
மேப்பிளுக்கு வேண்டுமானால் ஏழு வரும்,
ஓக் சருகு செருப்புத்தோல், ஐந்தைத் தாண்டாது.

மரம் எங்கள் இரண்டு வேலிக்கும் நடுவில் நிற்கிறது.
யாருடையது என்று த்ருவா-ரிவியேர் நகராட்சிக்கே தெரியாது.
அதனால் இயந்திரத்தையும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
உத்தரவாதம் இரண்டு வருடம்.
இது ஒன்பதாவது அக்டோபர்.

முதலில் போனது மோட்டார் அல்ல, பையின் ஜிப்.
பல்லெல்லாம் கழன்று
சருகுத்தூள் என் பூட்ஸ் வரை இறங்கியது.
தூண்டில் நரம்பால் தைத்தேன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம்;
என் தையல் கோணலாக இருக்கும், பிரியாது.

பிறகு ஒருநாள் கைப்பிடிக்குள் நீலப்பொறி, தீய்ந்த வாடை.
கடைக்காரன், "தூக்கிப் போடுங்கள், புதுசு தள்ளுபடியில் இருக்கிறது" என்றான்.
தேய்ந்திருந்தவை இரண்டு கரித்துண்டுகள்,
தீக்குச்சித் தலை அளவு.
இரண்டும் சேர்ந்து ஒரு காப்பி விலை.
அன்று முதல் அந்தக் கடையில் ஆணிகூட வாங்குவதில்லை.

அணில் புதைத்து மறந்த வால்நட்டை
இது உறிஞ்சி எடுத்த கதையும் உண்டு.
பிளாஸ்டிக் விசிறியில் ஓர் இதழ் உடைந்து
பிடித்திருந்த என் பல்லெல்லாம் ஆடியது.
இப்போது உள்ளே சுழல்வது அலுமினியம்.

மழைக்கு மறுநாள் எடுக்கக் கூடாது.
ஈரச்சருகு குழாயின் கழுத்தில் கஞ்சியாக நிற்கும்.
பிளக்கைப் பிடுங்காமல் கையை உள்ளே விடக் கூடாது;
ரெழானின் மைத்துனருக்கு ஒன்பதரை விரல்.

போன வருடம்
கம்பளித் தொப்பியைக் கழற்றியபோது
அவருடைய காதுக்கருவி சருகில் விழுந்திருக்கிறது.
இயந்திரம் என் கையில்.
ஒரு சின்ன டிக்.
எனக்குக் கேட்டது. அவருக்கு எப்படிக் கேட்கும்?

தார்ப்பாயில் பையைக் கவிழ்த்து
இரண்டு மணி நேரம் விரலால் சலித்தோம்.
மொச்சைத்தோல் நிறத்தில் அரை ஓடு,
முடியளவு செம்புக் கம்பி.
பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.
பாதிப் பணம் நான் தருகிறேன் என்று
தாளில் எழுதிக் காட்டினேன்.
"மரம்தான் பாதி, கிஸ்லேன். காது முழுசாக என்னுடையது,"
தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

காப்பீடு கையெழுத்தாகி வர வசந்தமாகிவிடும்.
அதுவரை சருகு காத்திருக்குமா?
நான் ஓட்டினேன், அவர் சாக்கு பிடித்தார்.
மூன்றாவது சாக்கில்
உறையின் மேல் உள்ளங்கையை வைத்தவர்
எடுக்கவே இல்லை.
நிறுத்து என்று கைகாட்டினார்.
எப்போதும் போலத்தானே சத்தம் என்று தோளைக் குலுக்கினேன்.
"பேரிங்," என்றார்.

எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் திருகுகளைக் கழற்றினேன்.
உள்ளே ஆரஞ்சுத் துரு, மிளகாய்ப்பொடி மாதிரி.
ஒரு குண்டு அதன் குழியிலேயே இல்லை.
இன்னும் ஒரு மூட்டை ஓட்டியிருந்தால்
மோட்டார் கருகியிருக்கும்.
நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.
சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

இந்த வருடம் புதுக் காதுக்கருவி வந்துவிட்டது.
இயந்திரத்தை எடுக்கும் முன்
அவரே அதைக் கழற்றி
என் கோட்டுப் பைக்குள் போட்டு
பொத்தானையும் மாட்டிவிடுகிறார்.
பிறகு உறையின் மேல் கை.

மாலை நான்கரைக்கு இருட்டுகிறது.
நாளை பனி என்கிறார்கள்.
பையை உள்புறம் வெளியாகத் திருப்பி
கராஜ் கம்பியில் தொங்கவிட வேண்டும்,
இல்லாவிட்டால் பூஞ்சை.
விசிறிக்கு உலர்ந்த பிரஷ், தண்ணீர் படக் கூடாது.

சுவிட்சை அணைத்தேன்.
அப்போதுதான் தெரிந்தது:
அவ்வளவு நேரமும் என் கோட்டுக்குள்
அது மெல்லிசாகக்
கீச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.